பி.டி. உஷாவும் அந்த ஏழு சென்டிமீட்டரும்

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டிருந்த பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க மக்களே.

ஆறாவது ஏழாவது படிக்கிற வரைக்கும் நான் ஒரு விஷயத்தை உறுதியா நம்பிக்கிட்டிருந்தேன். பி.டி. உஷா என்பவர் எங்கேயோ ஒரு ஸ்கூல்ல பி.டி. டீச்சர். நம்ம ஸ்கூல்ல பி.டி. வாத்தியார் இருக்கார், பி.டி. பீரியட் இருக்கு, அதே மாதிரி பி.டி. உஷா. விசில் ஊதிக்கிட்டே வேகமா ஓடுவாங்க போல, அதான் பேமஸ் ஆயிட்டாங்க என்பது என் முடிவு. சிரிக்காதீங்க, உங்கள்ல பாதிப்பேர் இதே கேஸ்தான்னு எனக்குத் தெரியும் :-)

எங்க ஊர் ராசிபுரம் பக்கம். குச்சிக்கிழங்கு காடு, கோழிப்பண்ணை, நடுவுல ஒரு கவர்மெண்ட் ஸ்கூல். அந்த ஊர்ல உஷாங்கறது ஒரு ஆளோட பேரே இல்லை, ஒரு வினைச்சொல். பஸ்ஸைத் துரத்திக்கிட்டு ஓடி வர்ற பொம்பளையைப் பார்த்து கண்டக்டர் "வாங்கம்மா பி.டி. உஷா"ன்னுவார். தண்ணிக் குடத்தோட வேகமா நடந்தா "ஏன் பி.டி. உஷா மாதிரி பறக்கறே"ன்னு கேட்பாங்க. உஷா உச்சத்துல இருந்த காலத்துக்கு அப்புறம் பிறந்தவங்க நாங்க. அவர் ஓடி ஒரு வினாடி கூடப் பார்த்ததில்லை. ஆனா பேரு மட்டும் ஊருக்குள்ள சுத்திக்கிட்டே இருந்தது.

எங்க பெரியம்மா பொண்ணு, என்னை விட அஞ்சு வயசு மூத்த அக்கா, நிஜமாவே ஓடுவா. 400 மீட்டர்ல ஜோன்ல முதல், டிஸ்ட்ரிக்ட்ல ரெண்டாவது. வெறுங்கால். சுண்ணாம்புக் கோடு போட்ட செம்மண் கிரவுண்டு. அவளுக்கும் ஸ்கூல்ல வச்ச பேரு உஷாதான். அவ கதையைக் கடைசியில சொல்றேன். முதல்ல அசல் உஷா.

பி.டி.ன்னா பிலாவுள்ளகண்டி தெக்கேபரம்பில். வீட்டுப் பேரு. 1964 ஜூன் 27ல் கோழிக்கோடு மாவட்டத்துல பேராம்பரா பக்கத்துல கூத்தாளிங்கற கிராமத்துல பிறந்து, வளர்ந்தது பய்யோளியில. "பய்யோளி எக்ஸ்பிரஸ்" வந்தது அங்கிருந்துதான். அப்பா துணி வியாபாரி. சின்ன வயசுல நோஞ்சான் உடம்பு. நாலாவது படிக்கும்போது அவங்க ஸ்கூல் வாத்தியார் ஒருத்தர், ஏழாவது படிக்கிற ஸ்கூல் சாம்பியன் பொண்ணோட இவங்களை ஓட விட்டுப் பார்த்தார். உஷா ஜெயிச்சுட்டாங்க. எல்லா சாம்பியன் கதையிலயும் வர்ற சீன்தான்.

ஆனா அதுக்கடுத்த சீன்தான் எனக்கு முக்கியமாப் படுது, அதை யாரும் பெரிசாச் சொல்றதில்லை. 1976ல் கேரள அரசு கண்ணூர்ல பெண்களுக்குன்னு ஒரு விளையாட்டுப் பிரிவு ஆரம்பிக்குது. ஹாஸ்டல், சாப்பாடு, கோச், படிப்பு எல்லாம் ஒரே இடத்துல. அதுக்கு அந்த மாவட்டத்துல இருந்து தேர்வான பொண்ணுங்கள்ல பன்னெண்டு வயசு உஷாவும் ஒருத்தர். யோசிச்சுப் பாருங்க, 1976. பொண்ணு வயசுக்கு வந்தா கிரவுண்டுப் பக்கமே போகக்கூடாதுன்னு இருந்த காலம். அப்போ ஒரு மாநில அரசு பெண் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து, தங்க வச்சு, ஓடுங்கன்னு சொல்லுது. எக்ஸ்பிரஸ் ஓடணும்னா முதல்ல தண்டவாளம் போடணுமில்லையா? அது போட்டது இங்கதான்.

அங்க கோச் ஓ.எம். நம்பியார். விமானப்படையில இருந்தவர், அவரும் அத்லெட். ஒல்லியா, விறுவிறுன்னு நடக்கிற இந்தப் பொண்ணைப் பார்த்ததும் பிடிச்சுக்கிட்டார். அப்புறம் பதினாலு பதினஞ்சு வருஷம் அந்த ஜோடி பிரியலை. சிந்தெட்டிக் டிராக் எல்லாம் கிடையாது. பய்யோளி கடற்கரை மணல்ல ஓட்டம். மணல்ல கால் புதையும், இழுத்து இழுத்து ஓடணும், தொடைக்கு நல்ல வேலை. நம்பியாருக்கு 1985ல் துரோணாச்சார்யா விருது கிடைச்சது, அந்த விருது ஆரம்பிச்ச முதல் வருஷமே. பத்மஸ்ரீ குடுக்க மட்டும் 2021 வரைக்கும் எடுத்துக்கிட்டாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல அவர் காலமாயிட்டார்.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸ்ல உஷா 100 மீட்டர் ஓடும்போது வயசு 16. முதல் சுற்றுலயே வெளியே. 1982 டில்லி ஆசிய விளையாட்டுல 100, 200 ரெண்டுலயும் வெள்ளி. 100ல் தங்கம் பிலிப்பைன்ஸோட லிடியா டி வேகா. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, உஷாவோட கதையில அடிக்கடி வருவார். 1983 குவைத் ஆசிய சாம்பியன்ஷிப்ல 400 மீட்டர்ல தங்கம்.

இப்போ 1984. இங்க கொஞ்சம் டெக்னிக்கலாப் போறேன், பொறுத்துக்கோங்க.

400 மீட்டர் தடை ஓட்டம்ங்கறது ஒரு கொடூரமான ஐட்டம். பத்து தடை, ஒவ்வொண்ணும் 76.2 சென்டிமீட்டர் உயரம். முதல் தடை 45 மீட்டர்ல. அப்புறம் 35 மீட்டருக்கு ஒண்ணு. பத்தாவது தாண்டினதும் கோடு வரைக்கும் 40 மீட்டர் வெறும் ஓட்டம். ரெண்டு தடைக்கு நடுவுல எத்தனை எட்டு வைக்கணும்ங்கறது முன்னாடியே மனப்பாடம் ஆகியிருக்கணும். ஒரு எட்டு குறைஞ்சாலோ கூடினாலோ கால் மாறிடும், வேகம் செத்துடும். இது வெறும் வேகம் இல்லை, தாளம். அந்தத் தாளம் நூத்துக்கணக்கான தடவை ஓடி ஓடித்தான் உடம்புல ஏறும்.

பெண்களுக்கான இந்தப் போட்டி ஒலிம்பிக்ஸ்ல முதன்முதலா நுழைஞ்சதே 1984 லாஸ் ஏஞ்சல்ஸ்லதான். (பெண்கள் மாரத்தானும் அந்த வருஷம்தான். அதுவரைக்கும் பொம்பளைங்க அவ்வளவு தூரம் ஓடினா தாங்க மாட்டாங்கன்னு நினைச்சாங்களாம். எங்க ஊர்ல சந்தைக்குத் தலைச்சுமையோட நடந்து போற பாட்டிகளைக் காட்டியிருக்கணும்.) உஷா அதுவரைக்கும் 100, 200, 400 ஓடினவர். தடை ஓட்டத்துல தீவிரமா இறங்கியே கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இந்தியாவுல இந்த ஐட்டத்தோட ராணி எம்.டி. வல்சம்மா, 1982 டில்லியில தங்கம் வாங்கினவர். அவரையே தாண்டித்தான் உஷா லாஸ் ஏஞ்சல்ஸ் போனார்.

அங்க முதல் சுற்று 56.81. அரை இறுதி 55.54, காமன்வெல்த் சாதனை. ஒரு இந்தியப் பெண் ஒலிம்பிக்ஸ் தடகள இறுதிக்குப் போனது அதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 8, இறுதிப் போட்டி. முதல் தடவை கிளம்பும்போது இன்னொருத்தர் ஃபால்ஸ் ஸ்டார்ட். எல்லாரும் திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்து கிளம்பணும். ரெண்டாவது தடவை உஷா பிளாக்கை விட்டு எழுந்தது கொஞ்சம் தாமதம். மொராக்கோவோட நவால் எல் மூத்தவக்கில் முதல் தடையில இருந்தே முன்னாடி போயிட்டார், 54.61. அமெரிக்காவோட ஜூடி பிரவுன் 55.20. மூணாவது இடத்துக்கு ருமேனியாவோட கிறிஸ்தியானா கொஜோகாருவும் உஷாவும் கிட்டத்தட்ட ஒண்ணா வந்து விழுந்தாங்க. கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. போட்டோ ஃபினிஷ்.

போட்டோ ஃபினிஷ்ல தலை, கை, கால் எதுவும் கணக்கில்லை. நெஞ்சுப் பகுதி கோட்டைத் தொடுற கணம்தான் நேரம். அதனாலதான் ஓட்டக்காரங்க கடைசியில நெஞ்சை முன்னாடி தள்ளி விழுறாங்க. கொஜோகாரு 55.41. உஷா 55.42.

நான் சாஃப்ட்வேர்க்காரன், எங்களுக்கு 10 மில்லிசெகண்ட் என்பது ஒரு டேட்டாபேஸ் கேள்விக்குப் பதில் வர்ற நேரம். சரி, கணக்குப் போடுவோம். 400 மீட்டரை 55.42 வினாடியில ஓடினா சராசரி வேகம் வினாடிக்கு 7.2 மீட்டர். நூத்துல ஒரு வினாடிக்கு 7.2 சென்டிமீட்டர். கடைசியில வேகம் குறையும், அதனால இன்னும் கொஞ்சம் கம்மி. உங்க ஆள்காட்டி விரல் நீளம்னு வச்சுக்கோங்க. 400 மீட்டர் ஓடி, பத்து தடை தாண்டி, ஒரு விரல். கடைசியில நெஞ்சை முன்னாடி தள்ளலைங்கறதை உஷாவே பல தடவை சொல்லியிருக்கார். தடை ஓட்டத்துல அனுபவம் இருந்திருந்தா அது யோசிக்காமலே வந்திருக்கும்.

இன்னொரு விஷயம் 2018ல் ஒரு பேட்டியில சொன்னார். ஒலிம்பிக்ஸ் கிராமத்துல குடுத்த சாப்பாடு ஒத்துக்கலை. சத்தான சாப்பாடுன்னு தனியா ஏற்பாடு எதுவும் இல்லை. கஞ்சியும் கடுமாங்கா ஊறுகாயும்தான் சாப்பிட்டாராம். அதனால கடைசி 35 மீட்டர்ல தெம்பு இல்லாமப் போச்சுன்னார். மேல சொன்னதைத் திரும்பிப் பாருங்க, பத்தாவது தடைக்கு அப்புறம் 40 மீட்டர். அதாவது தடை எல்லாத்தையும் தாண்டியாச்சு, வெறும் ஓட்டம், அவரோட சொந்த ஏரியா, 100 மீட்டர் சாம்பியன் பின்னிப் பெடலெடுக்க வேண்டிய இடம். அங்கதான் கஞ்சி தீர்ந்து போச்சு. நாமக்கல் முட்டை ஊர்க்காரனா இருந்துக்கிட்டு இதைப் படிக்கும்போது எனக்கு வந்த கோபம் இருக்கே... லாரி லாரியா அனுப்புறோமேய்யா!

நியாயமா இதையும் சொல்லணும். அந்த ஒலிம்பிக்ஸை சோவியத் யூனியனும் கிழக்கு ஜெர்மனியும் புறக்கணிச்சிருந்தாங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னாடிதான் சோவியத் வீராங்கனை மார்கரிட்டா பொனோமர்யோவா 53.58ல் ஓடி உலக சாதனை பண்ணியிருந்தார். அவங்க எல்லாம் வந்திருந்தா உஷாவுக்கு நாலாவது இடம் கிடைச்சிருக்குமாங்கறது சந்தேகம். ஆனா வராதவங்களை வச்சு ஓட்டப்பந்தயம் நடத்த முடியாதே. ருமேனியா மட்டும் சோவியத் பேச்சைக் கேட்காம வந்தாங்க, வந்தவங்கள்ல ஒருத்தர் கொஜோகாரு. எப்படி எல்லாம் கோத்துக்குது பாருங்க.

அங்க தங்கம் வாங்கின நவாலுக்கு மொராக்கோவுல நடந்தது தனிக்கதை. அன்னிக்குப் பிறந்த பெண் குழந்தைங்களுக்கெல்லாம் நவால்னு பேர் வைக்கச் சொல்லி மன்னர் ஹசன் உத்தரவு போட்டாராம். நாம உத்தரவே இல்லாம பஸ்ஸைத் துரத்துற பொம்பளைக்கெல்லாம் உஷான்னு பேர் வச்சோம்.

இங்கதான் என் புகாரே ஆரம்பிக்குது. உஷான்னதும் நாம எல்லாரும் அந்த நூத்துல ஒரு பங்கு வினாடியில போய் நின்னுடறோம். "ப்ச்... ஒரு வினாடியில போச்சு" (ஒரு வினாடி இல்லைங்க, நூத்துல ஒண்ணு!). மில்கா சிங் 1960 ரோம்ல நாலாவது, உஷா 1984ல் நாலாவது, நம்ம தலையெழுத்து அவ்வளவுதான்னு ஒரு பெருமூச்சு. அழகா அழுதுக்கலாம், அழுதுட்டு மறந்துடலாம். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு யாரையாவது கேளுங்க. பாதிப்பேருக்குத் தெரியாது. எனக்கும் ரெண்டு மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் தெரியாது.

முதல்ல, அதே லாஸ் ஏஞ்சல்ஸ்லயே கதை முடியலை. உஷா, ஷைனி ஆபிரகாம், வல்சம்மா, வந்தனா ராவ் நாலு பேரும் 4x400 தொடர் ஓட்டத்துல இறுதிக்குப் போனாங்க. ஏழாவது இடம், 3:32.49, ஆசிய சாதனை. நாலு இந்தியப் பெண்கள் ஒலிம்பிக்ஸ் இறுதியில ஓடியிருக்காங்க. இதை எந்தப் பாடப்புத்தகத்துலயாவது படிச்சீங்களா? நான் படிக்கலை.

அடுத்த வருஷம் 1985 ஜகார்த்தா ஆசிய சாம்பியன்ஷிப். நிதானமாப் படிங்க. 100 தங்கம், 11.64. 200 தங்கம், 23.05. 400 தங்கம், 52.62. 400 தடை ஓட்டம் தங்கம், 56.64. 4x400 தங்கம். 4x100 வெண்கலம். ஒரே போட்டியில அஞ்சு தங்கம் ஒரு வெண்கலம். 100 மீட்டர் என்பது வெடிச்சுக் கிளம்புற ஓட்டம். 400 தடை என்பது மூச்சைக் கணக்குப் பண்ணி ஓடுற ஓட்டம். ரெண்டுக்கும் தேவைப்படுற உடம்பு வேற, பயிற்சி வேற. சில நாள் இடைவெளியில அத்தனை சுற்றும் ஓடி, ஆசியாவுல எல்லாத்துலயும் முதல்! ஒரே ஆள் ஓப்பனிங் பேட்டிங், ஃபாஸ்ட் பௌலிங், விக்கெட் கீப்பிங் மூணுலயும் மேன் ஆஃப் தி மேட்ச் வாங்கின மாதிரி. என்னைக் கேட்டா உஷாவோட வாழ்க்கையில உச்சம் லாஸ் ஏஞ்சல்ஸ் இல்லை, இந்த ஜகார்த்தாதான்.

1986 சியோல் ஆசிய விளையாட்டு. 200, 400, 400 தடை, 4x400 நாலுலயும் தங்கம். 100ல் மட்டும் லிடியா டி வேகா மறுபடி முந்திட்டார், உஷாவுக்கு வெள்ளி. அந்தப் போட்டியில மொத்த இந்தியாவும் வாங்கின தங்கம் எவ்வளவு தெரியுமா? அஞ்சு. நாலுல உஷா இருக்கார். மிச்சம் ஒண்ணு மல்யுத்தத்துல கர்த்தார் சிங். பதக்கப் பட்டியல்ல இந்தியா அஞ்சாவது. தொடர் ஓட்டத்துல கூட ஓடின மூணு பேரையும் சேர்த்துக்கிட்டு சொல்றேன், அந்த வருஷம் இந்தியாவோட தங்கக் கணக்கே இந்தப் பொண்ணுங்களும் ஒரு மல்யுத்த வீரரும்தான்.

1988 சியோல் ஒலிம்பிக்ஸ்க்கு குதிகால் காயத்தோட போனார். முதல் சுற்றுலயே கடைசி, வெளியே. ஊர் சும்மா இருக்குமா? அதுவரைக்கும் தங்க மங்கைன்னு எழுதின பத்திரிகைகளே கிழிச்சுத் தோரணம் கட்டினாங்க. காசு வாங்கிட்டா, கதை முடிஞ்சுதுன்னு என்னென்னவோ. அடுத்த வருஷமே 1989ல் டில்லி ஆசிய சாம்பியன்ஷிப்ல 200, 400, 400 தடை, 4x400ல் நாலு தங்கம், கூட ரெண்டு வெள்ளி. திட்டினவங்க எல்லாம் அப்போ என்ன எழுதினாங்களோ. 1990 பெய்ஜிங்ல மூணு வெள்ளியோட ஓய்வுன்னு அறிவிச்சார். 1991ல் கல்யாணம், அடுத்த வருஷம் மகன்.

நம்ம ஊர்க் கதையா இருந்தா இங்க 'சுபம்' போட்டிருப்போம். கணவர் சீனிவாசன் கபடி வீரர். அவர் குடுத்த தைரியத்துல திரும்ப ஓட வந்தார். 1994 ஹிரோஷிமாவுல 4x400ல் வெள்ளி. 1998ல் ஜப்பான் ஃபுகுவோகாவுல ஆசிய சாம்பியன்ஷிப். வயசு 34, ஆறு வயசுப் பையனுக்கு அம்மா. 200ல் வெண்கலம், 400ல் வெண்கலம், 4x400 வெள்ளி, 4x100 தங்கம். ஆசிய சாம்பியன்ஷிப்ல மட்டும் 1983ல் இருந்து 1998 வரைக்கும் மொத்தம் 23 பதக்கம், அதுல 14 தங்கம். அந்த 23ஐ விட்டுட்டு வராத ஒண்ணைப் பத்தி நாற்பது வருஷமாப் பேசிட்டிருக்கோம்.

2000ல் நிஜமாவே ஓய்வு. 2002ல் பெண் பிள்ளைங்களுக்காக உஷா தடகளப் பள்ளி ஆரம்பிச்சார். அங்க வளர்ந்த டின்ட்டு லூக்கா 2010ல் 800 மீட்டரை 1:59.17ல் ஓடி ஷைனி வில்சனோட தேசிய சாதனையை உடைச்சார். (அந்த ஷைனி வில்சன்தான் மேல சொன்ன ஷைனி ஆபிரகாம்.) 2022 ஜூலையில மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினர். அதே அறிவிப்புல நம்ம ராஜாவும் இருந்தார், அதனால தமிழ்நாட்டுல அன்னிக்கு யாரும் உஷாவைக் கவனிக்கவே இல்லை :-) டிசம்பர்ல இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர், அந்த நாற்காலியில உட்கார்ந்த முதல் பெண்.

அதுக்கப்புறம் ஒண்ணு நடந்தது, அதை விட்டுட்டு எழுதினா இது வரலாறு இல்லை, வாழ்த்துமடல். 2023 ஏப்ரல்ல மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் புகார் சொல்லி ஜந்தர் மந்தர்ல உட்கார்ந்தப்போ, தெருவுக்கு வந்தது ஒழுங்கீனம், நாட்டுப் பேருக்குக் கெடுதல்ங்கற மாதிரி உஷா பேசினார். அப்புறம் நேர்ல போய்ப் பார்த்தார்தான். ஆனா எனக்கு அந்த முதல் பேச்சு இன்னும் கசக்குது. 1988ல் ஊரே திட்டும்போது ஒரு வீராங்கனைக்கு எப்படி இருக்கும்னு அவரை விட யாருக்குத் தெரியும்? அவர் ஓட்டத்தை நான் எவ்வளவு மதிக்கிறேனோ, இதுல அவ்வளவு வருத்தம்.

சரி, எங்க அக்கா கதை. அவ டிஸ்ட்ரிக்ட்ல ரெண்டாவது வந்தது 2006ல். அடுத்தது வெளி மாவட்டத்துல, ரெண்டு நாள் தங்கி ஓடணும். கூட்டிட்டுப் போக ஸ்கூல்ல லேடி டீச்சர் யாரும் ஒத்துக்கலை. பெரியப்பா, "வயசுப் புள்ளைய எவன் நம்பி அனுப்பறது, அரை டவுசர் போட்டுட்டு ஓடுனது போதும்"னுட்டார். அவரைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை, ஊர் அப்பிடி. அவ அதுக்கப்புறம் ஓடலை. இப்போ ஆத்தூர் பக்கம் வாக்கப்பட்டு ரெண்டு பிள்ளைங்க. உஷாவுக்கும் இவளுக்கும் கால்ல எவ்வளவு வித்தியாசம்னு எனக்குத் தெரியாது, நிறையவே இருக்கலாம். ஆனா உஷாவுக்குப் பன்னெண்டு வயசுல ஒரு ஹாஸ்டல் இருந்தது. இவளுக்குப் பதினாலு வயசுல துணைக்குப் போக ஒரு ஆள் கூட இல்லை.

2023 செப்டம்பர்ல ஒரு செய்தி கண்ல பட்டது. கோயம்புத்தூர்ப் பொண்ணு வித்யா ராம்ராஜ். அப்பா ஆட்டோ ஓட்டினவர். கூடப் பிறந்த இரட்டை நித்யாவும் தடை ஓட்ட வீராங்கனைதான், அவர் 100 மீட்டர் தடை. செப்டம்பர் 11ல் சண்டிகர்ல நடந்த கிராண்ட் ப்ரீல வித்யா 400 தடை ஓடினார். நேரம் 55.43.

55.43! உஷாவோட 1984 நேரம் 55.42. 39 வருஷமா இந்தியாவுல எந்தப் பெண்ணும் நெருங்காத தேசிய சாதனை அது. அதை நெருங்கி வந்த பொண்ணு, அதே நூத்துல ஒரு பங்கு வினாடியில தவற விட்டிருக்கு. அதே விரல் நீளம். ஆபீஸ்ல மீட்டிங் நடுவுல இதைப் படிச்சுட்டு "அய்யய்யோ"ன்னு கத்திட்டேன். மேனேஜர் புரொடக்‌ஷன்ல என்னமோ விழுந்துடுச்சுன்னு பயந்துட்டார்.

மூணு வாரம் கழிச்சு, அக்டோபர் 2, சீனாவுல ஹாங்சோ ஆசிய விளையாட்டு. இரட்டையர் ரெண்டு பேருமே போயிருந்தாங்க. போன்ல பார்த்துட்டிருந்தேன். தகுதிச் சுற்றுல வித்யா முதல் ஆளா வந்தார். நேரம் திரையில வந்தது. 55.42.

ஒரு நூறுல ஒண்ணு கூட இல்லை, குறைவும் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ்ல நாலாவது இடம் குடுத்த அதே எண்.

அக்காவுக்குப் போன் போட்டேன். ஓட்டம் பத்தி நான் அவகிட்ட பேசி பல வருஷம் ஆச்சு. விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"எந்த ஊர்டா தம்பி அந்தப் புள்ள?"

"கோயம்புத்தூருக்கா."

"எத்தனை நாளா ஓடிட்டிருக்குதாமா? கல்யாணம் ஆயிருச்சா?"

"தெரியலக்கா. வயசு 25தான்."

"ஆவாம இருக்கட்டும் கொஞ்ச நாளைக்கு"ன்னா. அப்புறம், "எனக்கு இந்த நானூறுல முந்நூறுக்கு அப்புறம்தான்டா கால் கல்லாட்டம் ஆயிரும். இந்தப் புள்ள அதோட தடையையும் தாண்டுதே, எப்பிடிடா?"ன்னு கேட்டா. முதல் தடை 45 மீட்டர்ல, அப்புறம் 35க்கு ஒண்ணுன்னு மேல எழுதின எல்லாத்தையும் அன்னிக்கு அவகிட்டதான் முதல்ல சொன்னேன். கடைசி 40 மீட்டர் வெறும் ஓட்டம்னதும், "அங்க நான் புடிச்சிருப்பேன்"னா.

மறுநாள் இறுதிப் போட்டியில வித்யா 55.68ல் வந்து வெண்கலம் வாங்கினார். கலப்பு தொடர் ஓட்டத்துலயும் பெண்கள் தொடர் ஓட்டத்துலயும் வெள்ளி. ரெண்டுலயும் கூட ஓடினதுல திருச்சிப் பொண்ணு சுபா வெங்கடேசனும் உண்டு. இறுதிப் போட்டி வீடியோவை அக்காவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ராத்திரி பதினோரு மணிக்குப் பதில் வந்தது: "ஸ்பைக்ஸ் என்ன வெலடா?"

அவ பெரிய பொண்ணு ஆறாவது படிக்கிறா.